தாஜ்மகால்: உள்ளே நின்று எடுப்பதா, அக்கரையிலிருந்தா?

ஆக்ராவில் ஒரே நாள்தான் என்றால் இந்தக் குழப்பம் வரும். தாஜுக்குள் போய்ப் படம் எடுப்பதா, யமுனைக்கு அக்கரையில் மேதாப் பாக் தோட்டத்தில் நின்று எடுப்பதா? என்னைக் கேட்டால், எந்த மாதம் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

தாஜின் முன்பக்கம் தெற்கு. முதுகு வடக்கே ஆற்றைப் பார்க்கிறது. மேதாப் பாக்கில் நமக்குத் தெரிவது அந்த முதுகு. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்கிழக்கே எழுந்து தென்மேற்கே மறைவதால் அதில் வெயிலே படாது. மாலையில் போனால் கறுத்த நிழலுருவம்தான் கிடைக்கும். அழகுதான், ஆனால் வெள்ளைப் பளிங்கைத் தேடிப் போனவருக்கு ஏமாற்றம். மே, ஜூனில் கதை தலைகீழ். சூரியன் வடமேற்கே சாயும்போது குவிமாடத்தின் வலப்பக்கம் மஞ்சளாகிவிடும். வெக்கையைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆற்றிலும் தண்ணீர் வற்றியிருக்கும்.

உள்ளே போகிறவர்கள் விடியலிலேயே வாசலில் நிற்பது நல்லது. கல்லறை மண்டபத்துக்குத் தனி டிக்கெட். அதற்குள் படம் எடுக்கக் கூடாது. வளாகத்துக்குள் ட்ரைபாட் கொண்டுபோகவும் முடியாது. 1992இல் பிரிட்டன் இளவரசி டயானா உட்கார்ந்த பெஞ்சுக்கு எப்போதும் வரிசை. நான் அதை விட்டுவிட்டு, கிழக்கே உள்ள விருந்தினர் மாளிகை வளைவுக்குள் நின்றேன். காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், வளைவே சட்டமாகிவிடும். மேற்கே மசூதி வளைவில் அதே நேரத்தில் நின்றால் கண் கூசும். ஜனவரிப் பனிமூட்டம் வேறு. அன்று நாலு மினாரில் எனக்குத் தெரிந்தது இரண்டு. அக்டோபர் கடைசியோ பிப்ரவரியோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகலாம்.

அக்கரையில் கூட்டம் குறைவு, டிக்கெட்டும் மலிவு. ஆனால் கண்ணெதிரே தெரியும் இடத்துக்கு ஆட்டோவில் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். ஆற்றோரம் முள்வேலி, போனை அதன் இடுக்கில் வைத்து எடுங்கள். இங்கேதான் ஷாஜகான் கறுப்பு தாஜ் கட்ட நினைத்தார் என்று கைடுகள் சொல்வார்கள். தோண்டிப் பார்த்தபோது கிடைத்தது எண்கோணக் குளம்!

ஆக்ரா கோட்டையிலிருந்தும் தாஜ் தெரியும். போன் கேமராவில் தீப்பெட்டி அளவுக்கு.

அப்புறம், வெள்ளிக்கிழமை தாஜ் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுமுறை. அன்றைக்குப் போய்ச் சேர்ந்தால் யோசிக்கவே வேண்டாம், அக்கரைக்கு ஆட்டோ பிடியுங்கள்.