கச்சானுக்கு ஒரு மாடு, வாடைக்கு ஒரு மாடா?

திருகோணமலைப் பக்கம் மாடு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை லீற்றர் கறக்கும் என்பதைத்தான். அதைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் ஆடி, ஆவணியில் அடிக்கிற கச்சான் என்கிற சூடான தென்மேற்குக் காற்றையும் மார்கழி மழையையும் அந்த மாடு தாங்குமா என்று கேட்காமல் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

பிரீசியன் இனப் பசுவை எடுத்துக்கொள்வோம். பால் விஷயத்தில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அது குளிர்நாட்டு உடம்பு, 25 பாகை தாண்டினாலே சிரமப்படத் தொடங்கும், இங்கேயோ ஆவணி மத்தியானத்தில் 34, 35 சாதாரணம். மாமாவின் கொட்டிலில் ஒரு பிரீசியன் கலப்பு நின்றது. மத்தியானம் போய்ப் பார்த்தால் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, எச்சில் நூலாய் ஒழுக நிற்கும்; விலா ஏறி இறங்குவதை எண்ணினால் நிமிடத்துக்கு 60ஐத் தாண்டும். புல்லைத் தொடாது, தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராது. தின்னாத மாடு எங்கே கறக்கும்? வெயில் காலத்தில் சினை பிடிப்பதும் குறையும், அது இன்னொரு நட்டம்.

ஜேர்சி அதைவிடப் பரவாயில்லை. உடம்பு சிறியது, தீனிச் செலவு குறைவு, வெப்பத்தையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், பாலில் கொழுப்பும் நன்றாக இருக்கும். நிழலும் தண்ணீரும் தரக்கூடியவர்களுக்கு ஜேர்சிக் கலப்பு பொருந்தும்.

வெயில் என்று வந்தால் நாட்டு மாட்டுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்க முடியாது. திமில், கழுத்தின் கீழே தொங்கும் அலைதாடி, குட்டை மயிர், வியர்வைச் சுரப்பிகள் நிறைந்த தோல், உள்ளே உண்டாகிற சூடும் குறைவு. பிரீசியன் மூச்சிரைக்கிற அதே மத்தியானத்தில் இது வெட்டிய வயலில் நின்று காய்ந்த தாளை மேயும். உண்ணிக்கும் அவ்வளவாக அசையாது. குறை என்னவென்றால் பால், ஒன்றிரண்டு லீற்றரோடு நின்றுவிடும். சிந்தி, சாகிவால் என்ற இனங்களும் இதே வழி வந்தவை, சிந்து, பஞ்சாப் வெயிலில் வளர்ந்தவை, ஆனால் நாட்டு மாட்டைவிட நன்றாகக் கறக்கும்.

சரி, அப்படியென்றால் நாட்டு மாடே போதும் என்று நானும் நினைத்திருந்தேன். 2022 மார்கழி அந்த நினைப்பை உடைத்துவிட்டது. மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் செத்தன. வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே அமைந்த உடம்பு, நனைந்து காற்றில் நிற்கும்போதும் அதே வேகத்தில் சூட்டை இழக்கும். அதோடு நம் பட்டி மாடுகளின் நிலையையும் பாருங்கள்: பெரும்போகம் விதைத்ததும் வயல் அடைபட்டுவிடும், மாடுகளைக் காட்டுக்கும் மேட்டுக்கும் சாய்த்துவிடுவோம், மேலே கூரை கிடையாது, வரட்சியில் மெலிந்த உடம்பு தேறுவதற்குள் மாரி தொடங்கிவிடும். எலும்பு தெரிகிற மாட்டுக்கு, எந்த இனமானாலும், மூன்று நாள் நனைந்த குளிர் போதும். மாமாவின் பட்டியில் முதலில் விழுந்தவை கன்றுகள். மயிர் தோலோடு ஒட்டி, நடுங்கி, பிறகு நடுக்கமும் நின்றுபோய்க் கிடந்ததை நான் தொட்டுப் பார்த்தேன், காது சில்லென்றிருந்தது.

எருமை தனிக் கதை. கிண்ணியா, தம்பலகாமம் தயிர் அதனால்தான் உண்டு. வியர்வை குறைவு, கறுப்புத் தோல், ஆகவே கிடக்கக் குளமோ சேறோ இல்லாத இடத்தில் வெயில் அதை வதைத்துவிடும். குளம் பக்கத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், மேய்ச்சலை நம்பி வளர்ப்பவர்கள் நாட்டுப் பசுவுக்குச் சாகிவால் அல்லது சிந்தி சேர்த்துப் பிறந்த நாகுகளை (இன்னும் கன்று ஈனாத இளம் பசுக்களை) எடுங்கள்; கட்டி வளர்ப்பவர்களுக்கு ஜேர்சிக் கலப்பு. பிரீசியன் இரத்தம் கூடின மாடு, மின்விசிறியும் நாள் முழுக்கத் தண்ணீரும் உள்ள கொட்டிலுக்கு மட்டும். எதை வாங்கினாலும் ஐப்பசிக்குள் உடம்பைத் தேற்றிவிடுங்கள், மழை நாளில் வைக்கோலைத் தாராளமாகப் போடுங்கள், அது இரைப்பையில் செரிக்கும்போதே உள்ளே சூடு உண்டாகும். கொட்டிலின் வடகிழக்குப் பக்கத்தைக் கிடுகாலோ சாக்காலோ தரைவரை அடைத்துக் கட்டுங்கள், வாடை அந்தப் பக்கமிருந்துதான் வரும். தை கழிந்ததும் அவிழ்த்துவிடலாம்.