பகானில் வாடகை இ-பைக்: பேட்டரி முள்ளை எப்போது பார்ப்பது?
யாங்கூனிலிருந்து அம்மாவோடு மியான்மரின் பழைய கோயில் நகரான பகான் போனபோது, பக்கத்து ஊரான ஞாங் ஊவில் ஒரு கடையில் இ-பைக் எடுத்தேன். கைப்பிடியில் 1, 2, 3 என்று வேகப் பொத்தான். ஆனந்தா கோயில் வரை தார் ரோட்டுக்கு 1 போதும். மணல் பாதையில் மட்டும் 2. மூன்றில் வைத்தால் சார்ஜ் கரைந்துவிடும்.

பேட்டரி முள்ளை ஓடும்போது நம்பாதீர்கள். மோட்டார் இழுக்கையில் வோல்டேஜ் தாழ்ந்து முள் சரியும், நின்றதும் மறுபடி ஏறும். ஓரமாக நிறுத்திச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள். பழைய ஈய பேட்டரி என்றால் பாதிக்குக் கீழே மளமளவென்று இறங்கும். தம்மயங்யி கோயில் பக்கம் எங்களுக்கு அப்படித்தான் ஆனது. போன் செய்தேன்; கடைக்காரத் தம்பி 20 நிமிடத்தில் வேறு வண்டியோடு வந்தார், கூடுதல் காசு வாங்கவில்லை. அம்மா அவரை மனதார வாழ்த்தினார். ஆனாலும் அந்தப் பேட்டரியை அவர் மாற்றியே ஆக வேண்டும்.