ட்ராக் காரின் ஃபோர்ஜ்டு வீலுக்குப் பவுடரா, பெயிண்டா?

சென்னை மூலக்கடை பக்கம் ஒரு பவுடர் கோட்டிங் ஷெட். உலர்ந்த பெயிண்ட் பொடியைத் தூவி, ஓவனில் சுட்டுத் தோலாக்கும் இடம். கொக்கிகளில் வரிசையாக வீட்டுக் கேட், ஜன்னல் கிரில், பீரோ கதவு. அவற்றுக்கு அடுத்து தொங்கக் காத்திருந்தன என் நண்பன் ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் காரின் ஃபோர்ஜ்டு வீல் நாலும் (வார்க்காமல், அழுத்தி அடித்து உருவாக்கிய அலுமினிய வீல்). "எவ்ளோ சூடு வைப்பீங்க?" என்று கேட்டேன். "எரநூறுண்ணா. கேட்டுக்கு இன்னாவோ அதான் இதுக்கும்" என்றார் ஓவன் பார்க்கிறவர். அவரைக் குறை சொல்ல முடியாது. இரும்புக் கேட்டுக்கு 200 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. அலுமினியத்தின் கதை வேறு.

ஃபோர்ஜ்டு வீலில் பெரும்பாலும் இருப்பது 6061 என்ற அலுமினியக் கலவை, டி6 பதத்தில். சுமார் 530 டிகிரிக்குச் சூடாக்கி, சட்டென்று தண்ணீரில் குளிரவைத்து, பிறகு 160 முதல் 177 டிகிரிக்குள் 8 மணி முதல் 18 மணி நேரம் வரை வைத்திருந்து வரவழைத்த பலம் அது. அந்த நேரத்தில் மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உள்ளே படிகின்றன. இட்லி மாவு பொங்குகிற கணக்குதான். பொங்கிய பிறகும் வெளியிலேயே விட்டால் மாவு புளித்துவிடும். இங்கே துகள்கள் பருத்து, எண்ணிக்கை குறைந்து, உலோகம் மெத்தென்று ஆகிவிடும்.

பவுடர் வேகுவதற்கு 180-200 டிகிரியில் 10 முதல் 20 நிமிடம் போதும். ஒரே தடவை, நேரம் பார்த்து எடுத்தால் பெரிய இழப்பில்லை. சில ஃபோர்ஜ்டு வீல் கம்பெனிகளே பவுடர் போட்டுத்தான் விற்கின்றன. ஆனால் அவர்கள் சூட்டையும் நேரத்தையும் கணக்கு வைத்துச் செய்கிறார்கள். நம் ஷெட்டில் பிரைமருக்கு ஒரு தடவை, கலருக்கு ஒரு தடவை, கிளியருக்கு ஒரு தடவை என்று வீல் ஓவனுக்குள் போய் வரும். மீட்டர் காட்டுவதோ உள்ளே இருக்கும் காற்றின் சூட்டை. தடித்த நடுப்பகுதி சூடேறட்டும் என்று காத்திருந்தால், மெல்லிய விளிம்பு எப்போதோ சூடேறி உட்கார்ந்திருக்கும். ட்ராக் ஓரத்து மேடான கெர்ப் மேல் ஏறி இறங்கி அடி வாங்குவது அந்த விளிம்புதான்.

இதைவிட எனக்குப் பயம் பழைய பெயிண்டை எடுக்கும் வேலையில்தான். 350 டிகிரிக்கு மேல் சுட்டு எரித்து எடுக்கும் ஓவன் இருக்கிறது. இரும்புச் சாமானுக்கு ரொம்ப வசதி. அலுமினிய வீலை அதில் விட்டால் டி6 பதம் போய்விடும். டி6-ல் 6061 வளையத் தொடங்கும் அழுத்தம் சுமார் 276 மெகாபாஸ்கல். பதம் முழுதாகப் போய் மெத்தென்று ஆகிவிட்டால் அது வெறும் 55. அவ்வளவு தூரம் போகாமல் பாதி வழியில் நின்றாலும் ட்ராக்கில் ஓட்ட லாயக்கில்லை. பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, அதுதான் சங்கடம். காஸ்டிக் சோடா தொட்டி அலுமினியத்தையே தின்னும். கரகர மணலில் பிளாஸ்டிங் செய்தால் விழும் சின்னச் சின்னக் குழிகள் பின்னால் விரிசல் தொடங்கும் இடமாகலாம். அலுமினியத்துக்கென்றே வரும் ஸ்ட்ரிப்பரைத் தடவிக் கையால் சுரண்டுவது நேரம் பிடிக்கும் வேலை. ஆனாலும் ட்ராக் வீலுக்கு அதுதான் சரி.

எதிர்ப்பக்கம் டூ-கே பெயிண்ட், அதாவது இரண்டு பாகமாக வரும் பெயிண்ட். இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து அடித்து, 60 டிகிரியிலோ வெளிக்காற்றிலோ காயவிடலாம். அந்தச் சூடு டி6-ஐத் தொடவே தொடாது. தோலும் மெலிசு. பவுடர் அளவுக்கு உழைக்காது. கல் பட்டால் உரியும். ஆனால் உரிந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி அடித்துக்கொள்ளலாம். பவுடரில் அந்த ஒட்டுவேலை எடுபடாது; திரும்ப முழு வீலையும் உரித்துப் போடச் சொல்வார்கள். (ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பெயிண்டரிடம் நல்ல மாஸ்க் போடச் சொல்லுங்கள்.)

என் பழைய செட்டுக்கு ஒரு ஷெட்டில் பவுடர் போட்டு வாங்கினேன். நட் உட்காரும் குழியை மறைக்காமல் மொத்தமாக அடித்துவிட்டார்கள், நானும் கவனிக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கின் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். பத்துச் சுற்று முடித்து உள்ளே வந்து, சரியான இறுக்கம் வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்சை வைத்தால், ஒரு வீலில் மூன்று நட் 'க்ளிக்' கொடுக்காமல் கால் சுற்று நகர்ந்தன. கழற்றிப் பார்த்தேன். குழிக்குள் கறுப்புப் பவுடர் நசுங்கி, வளையமாகப் பிதுங்கி நின்றது. சூட்டில் இளகிய பூச்சு நசுங்க நசுங்க, நட்டின் பிடி தளர்ந்திருக்கிறது. பெயிண்ட் அடித்தாலும் இந்தக் குழியையும் ஹப்பில் (காரில் வீல் மாட்டும் இடம்) ஒட்டும் முகத்தையும் மறைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஆனால் பவுடரின் தடிப்பில் தப்பு பெரிதாகிறது.

விரிசல் விஷயமும் இருக்கிறது. தடித்த, நெகிழ்கிற பவுடர் தோல் மயிரிழை விரிசலை மூடி மறைத்துவிடும். சிவப்புச் சாயம் தெளித்து விரிசல் தேடும் சோதனை வெறும் உலோகத்தில்தான் பலிக்கும். அதைப் பூச்சுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

சரி, பவுடருக்கு இடமே இல்லையா? இருக்கிறது. எண்ணூர் உப்புக்காற்று, கன்டெய்னர் லாரி தெறிக்கும் ஜல்லி, மழைத் தண்ணீர் எல்லாவற்றையும் தாங்கித் தினமும் ஓடும் வீலுக்கு நான் பவுடரைத்தான் சொல்வேன். குறைந்த சூட்டில் வேகும் பவுடரும் உண்டு. ஷெட்டில் சரக்கு இருந்தால் நல்ல நடுவழி. அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேலேயே ஆக்சைடு தோல் வளர்க்கும் அனோடைசிங்கில் சூட்டுப் பிரச்சினை இல்லை. ஆனால் அதன் கடினமான மேல்தோல் திரும்பத் திரும்ப வளையும் உலோகத்தின் ஆயுளைக் குறைக்கும். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

அன்றைக்கு ஃபோர்ஜ்டு வீல் நாலையும் டிக்கியில் திரும்ப ஏற்றினோம். நண்பன் ஆசைப்பட்ட சிவப்புப் பவுடர், தினம் ஆபீசுக்கு ஓடும் அவனுடைய காஸ்ட் (அச்சில் வார்த்த) வீலுக்கு, ஒரே ஒரு சூட்டில், போனது. ஃபோர்ஜ்டு செட்டுக்கு டூ-கே, வெளிர் சாம்பல். விரிசல் விட்டால் அழுக்கு ஏறிக் கறுப்புக் கோடாகத் தெரியட்டும் என்று அந்தக் கலரை எடுத்தது நான். "மச்சான், சப்பையா இருக்குடா" என்று இன்னமும் முனகுகிறான்.