பானையா, உதயசூரியனா?

கூட்டணியில் நிற்கும் சிறிய கட்சி சொந்தச் சின்னத்தில் நிற்பதா, பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்பதா? 2019 மக்களவைத் தேர்தலில் திமுக கூட்டணியில் இருந்த விடுதலைச் சிறுத்தைகள் கட்சியினர் இரண்டு வழியிலும் இறங்கிப் பார்த்தார்கள். விழுப்புரத்தில் ரவிக்குமார் திமுகவின் உதயசூரியனில் நின்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் ஜெயித்தார். சிதம்பரத்தில் கட்சித் தலைவர் திருமாவளவன் தனிச் சின்னமான பானையில் நின்று ஜெயித்தார். கடைசிவரை இழுபறி, வித்தியாசம் வெறும் 3,219 வாக்குகள்.

சரி, சூரியன்தானே பத்திரம்? தொகுதிக்கு அப்படித்தான். பாட்டிக்கும் தெரிந்த சின்னம். பானையைச் சுவர் சுவராக வரைந்துதான் பதிய வைக்க வேண்டும். ஆனால் சூரியனில் வென்றவர் அவைக் கணக்கில் திமுக உறுப்பினர். அவர் வாங்கிய வாக்கு, சொந்தக் கட்சி தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் பெற உதவாது. கொடி கட்டி அலைந்த தொண்டனுக்கு அது வலிக்கத்தான் செய்யும். என்னைக் கேட்டால், ஒரு தொகுதி போனாலும் சொந்தச் சின்னம்தான். 2024இல் இருவரும் பானையிலேயே வென்றார்கள். மாநிலக் கட்சி அங்கீகாரமும் கிடைத்தது.