டவரின் காலி இடமும் குட்டிப் பெட்டியின் கணக்கும்

பழைய டவர் கேபினட்டைத் தூசு தட்டத் திறந்தபோதுதான் கவனித்தேன், உள்ளே முக்கால்வாசி வெறும் காற்று. டிவிடி டிரைவுக்கு ஓர் அறை, நான்கு ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு கூடு, கிராபிக்ஸ் கார்டுக்கு நீளமாக ஒரு ஸ்லாட். எல்லாமே காலி. வேலை செய்துகொண்டிருந்தது ஒரு புராசஸரும் இரண்டு ராம் குச்சியும், கோப்புகளைச் சேமிக்கும் விரல் நீள எஸ்எஸ்டி ஒன்றும்தான். இதற்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று தோன்றியதில்தான் மினி பிசி என்கிற குட்டிப் பெட்டிக் கம்ப்யூட்டருக்கான தேடல் தொடங்கியது. தேடத் தேடப் புரிந்தது, அந்தக் காலி இடமும் சும்மா இருக்கவில்லை.

முதலில் சூட்டைச் சொல்லிவிடுகிறேன், மற்ற குறைகளில் பாதி அதிலிருந்துதான் பிறக்கிறது. டவரில் 12 செ.மீ. ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதிய காற்று போய்விடும். அதே காற்றை 5 செ.மீ. ஃபேன் தள்ள வேண்டுமென்றால் பல மடங்கு வேகமாகச் சுற்றியாக வேண்டும். அதனால்தான் மெயில் பார்க்கும்போது சத்தமே இல்லாத குட்டிப் பெட்டி, வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது கொசு மாதிரி ரீங்காரம் போடுகிறது. சத்தம் ஒரு பக்கம், வேகம் இன்னொரு பக்கம். இன்டெல் கோர் ஐ5-8500 என்ற புராசஸர் 65 வாட்டுக்கு வடிவமைக்கப்பட்டது. அடிப்படை வேகம் 3 கிகாஹெர்ட்ஸ். அதன் குட்டிப் பெட்டி வடிவம் 8500டி. அதே ஆறு கோர்தான், ஆனால் 35 வாட், அடிப்படை வேகம் 2.1. ஒரு நிமிட வேலையில் இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அரை மணி நேரம் விடாமல் ஓட்டினால் தெரியும். விளம்பரத்தில் ‘ஐ5’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். கடைசி எழுத்தையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, எந்தக் குட்டிப் பெட்டி? கடையில் எல்லாவற்றுக்கும் மினி பிசி என்றே பெயர், ஆனால் ஆள் வேறு வேறு.

எனக்குப் பிடித்தது, அலுவலகங்களுக்காகச் செய்யப்படும் ஒரு லிட்டர் அளவுப் பெட்டிகள். லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பியின் மினி எல்லாம் இந்த ரகம். தடிமனான ஒரு புத்தகம் அளவுதான். நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி, சில வருடம் கழித்து மொத்தமாகக் கழித்துவிடுவதால் பழைய சந்தையில் நிறையக் கிடைக்கும். ஒன்றிரண்டு திருகைக் கழற்றினால் மூடி வந்துவிடும். பெரும்பாலானவற்றில் லேப்டாப் ராமுக்கு இரண்டு ஸ்லாட், எம்.2 என்கிற அந்த விரல் நீள எஸ்எஸ்டிக்கு இடம், பலவற்றில் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கும் ஓர் இடம். பல மாடல்களில் புராசஸரைக்கூட மாற்றலாம். குறை என்றால் அடாப்டர். அது தொலைந்தாலோ எரிந்தாலோ அதே நிறுவனத்து அடாப்டரைத் தேட வேண்டியிருக்கும். வேறொன்றைச் செருகினால் சில மாடல்கள் அதை அடையாளம் காணாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னொன்று, இன்டெல்லின் ஏழாம் தலைமுறையோ அதற்கு முந்தையதோ மலிவாகக் கிடைக்கிறதே என்று பாயாதீர்கள். ஓரிரு விதிவிலக்கு தவிர அவற்றுக்கு விண்டோஸ் 11 ஆதரவு கிடையாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. லினக்ஸ் போடுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்தது என்100 ரகம். இன்டெல்லின் இந்த நாலு கோர் புராசஸர் 2023-ல் வந்தது. 6 வாட் கணக்கில் ஓடும். உள்ளங்கை அளவுப் பெட்டியில், கேள்விப்படாத பெயர்களில் வருகிறது. பிரவுசர், அலுவலகக் கோப்புகள், டிவியில் 4கே வீடியோ எல்லாவற்றுக்கும் தாராளம். ஆனால் புராசஸரிலிருந்து ராமுக்குப் போக ஒரே பாதைதான் (சேனல்), பல பெட்டிகளில் ராமுக்கு ஒரே ஸ்லாட்தான். வாங்கும்போதே 16 ஜிபி எடுத்துவிடுவது நல்லது. மதர்போர்டு கோளாறானால் இவற்றில் பலவற்றுக்கு உதிரிபாகமோ, கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு அப்டேட்டோ தேடி அலைய வேண்டியதுதான். அப்புறம், இவற்றில் பல 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறவை. முனை பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட்டைச் செருகினால் கதை முடிந்தது. (ஒரே பலகையில் அடங்கும் குட்டிக் கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பை இந்த வரிசையில் சேராது. பின்களில் சென்சார் இணைத்து விளையாடுகிறவர்களுக்கு அது சரி. வெறும் கம்ப்யூட்டராக வேண்டுமென்றால் கேஸ், பவர் சப்ளை, எஸ்எஸ்டி என்று சேர்த்துப் பார்த்தால் என்100 விலைக்கு அருகிலேயே வந்து நிற்கும்.)

ஆப்பிளின் மேக் மினி தனி ஜாதி. 2005-ல் தொடங்கிய வரிசை, 2024-ல் வந்த எம்4 மாடலில் பக்கத்துக்கு 12.7 செ.மீ., உயரம் 5 செ.மீ. என்று சுருங்கிவிட்டது. வெளியே தொங்கும் அடாப்டர் கிடையாது, பவர் சப்ளை உள்ளேயே. இவ்வளவு சின்னதில் இவ்வளவு வேகமும் அமைதியும் மற்ற இரண்டு ரகத்திலும் இல்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பவர் பட்டனை மட்டும் ஏன் அடியில் வைத்தார்களோ! பெரிய சிக்கல் ராம். புராசஸரோடு சேர்ந்தே வருவதால் பின்னால் ஒரு ஜிபிகூடக் கூட்ட முடியாது. ஐந்து வருடம் கழித்து எவ்வளவு தேவைப்படும் என்பதை வாங்கும் நாளிலேயே ஊகிக்க வேண்டும். அந்தக் கூடுதல் ராமுக்கு ஆப்பிள் கேட்கும் தொகையும் கொஞ்சம் இல்லை.

மின்சாரத்தில் மட்டும் டவர் வாயைத் திறக்கவே முடியாது. நாள் முழுக்க ஓடும் ஒரு குட்டிப் பெட்டி சராசரியாக 10 வாட் எடுத்தால் வருடத்துக்கு சுமார் 88 யூனிட். 60 வாட் எடுக்கும் டவருக்கு 525 யூனிட்டுக்கு மேல். ஆனால் தினம் இரண்டு மணி நேரம் மட்டும் போடுகிறவருக்கு இந்த வித்தியாசம் பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும், அதற்காகவே புதிதாக வாங்குவது வீண்.

விளையாட்டுக்கோ, கிராபிக்ஸ் கார்டு கேட்கும் வேலைக்கோ என்றால் குட்டிப் பெட்டி வேண்டாம். வெளியே கார்டை வைத்து தண்டர்போல்ட் கேபிளில் இணைக்கலாம்தான். ஆனால் அந்தக் கார்டுக்கு ஒரு கூடு, கூட்டுக்கு ஒரு பவர் சப்ளை என்று மேசையில் டவர் திரும்ப முளைத்துவிடும். அதற்குப் பதில் 17 செ.மீ. சதுர மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டில் சின்ன டவர் கட்டிக்கொள்ளலாம்.

லேப்டாப்போடு ஒப்பிட்டும் கேட்கிறார்கள். மினி பிசி என்பது ஏறக்குறைய திரையும் கீபோர்டும் பேட்டரியும் இல்லாத லேப்டாப்தான். எப்போதும் மேசையிலேயே செருகி வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் பேட்டரி உப்பும் தொல்லை இதில் இல்லை. கரண்ட் போனால் அந்த நொடியே அணைந்துவிடும் என்பது மறுபக்கம். குறைவாகவே இழுப்பதால் ஒரு சின்ன யூபிஎஸ் நன்றாகவே தாங்கும்.

நான் கடைசியில் எட்டாம் தலைமுறை ஒரு லிட்டர் பெட்டி ஒன்றை எடுத்து, ராமை 32 ஜிபி ஆக்கி, மானிட்டருக்குப் பின்னால் திருகிவிட்டேன். டவரை விற்கவில்லை. அந்தக் காலிக் கூட்டில் இப்போது இரண்டு ஹார்டு டிஸ்க் இருக்கிறது. வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்க மட்டும் அதைப் போடுகிறேன்.