உதகை உறைபனியில் பனை வளர்த்த 9 ஆண்டுகள்

நான் உடன்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். வேலைக்காக உதகைக்கு வந்து, தலைக்குந்தா அருகே சரிவான இடத்தில் வீடு அமைந்த பிறகும், வாசலில் ஒரு பனையாவது நிற்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை. முதலில் ஊரிலிருந்தே பனங்கொட்டை கொண்டுவந்து ஊன்றினேன். கிழங்கு இறங்கியது, அதோடு சரி. மேலே ஓலை எட்டிப் பார்க்காமலே மழைக்காலத்தில் அழுகிவிட்டது. 2,200 மீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு வெயிலில் வாழ்கிற மரத்தைக் கேட்பது நியாயமில்லை என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் பனைக் குடும்பத்திலேயே குளிர் தாங்கும் வகைகளைத் தேடத் தொடங்கினேன்.

ஒரே மழைக்காலத்தில் 6 கன்றுகள் வைத்தேன்: விண்ட்மில் 2, குயின் 2, கேனரி தீவுப் பேரீச்சை 1, ஃபாக்ஸ்டெயில் 1. இப்போது 4 இருக்கின்றன. ஃபாக்ஸ்டெயில் முதல் பனிக்கே போய்விட்டது. "மலையில் நன்றாக வரும்" என்று சமவெளி நர்சரி ஒன்றில் சொல்லித் தந்த கன்று அது. உறைபனி விழும் இடத்துக்கு அதை யாரும் வாங்க வேண்டாம்.

மற்ற ஐந்தையும் அழகு பார்த்து நட்டதுதான் நான் செய்த பெரிய தப்பு. விண்ட்மில் ஒன்று மேட்டில், ஒன்று பள்ளத்தில். குயினும் அப்படியே. பக்கத்துத் தோட்டத்தில் கேரட் போடும் பெரியவர் பார்த்துவிட்டு அன்றைக்கே சொன்னார்: "தம்பி, கீழ வெக்காதீங்க. பனி தண்ணி மாதிரி, ஓடி வந்து அங்கதான் நிக்கும்." நான் கேட்கவில்லை.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை இரண்டு தெர்மாமீட்டர்கள் காட்டின. ஒன்றைப் பள்ளத்தில் முழங்கால் உயரத்தில் குச்சியில் கட்டினேன், இன்னொன்றை வீட்டுச் சுவரை ஒட்டிய மேட்டில். ஒரு ஜனவரி விடியலில் கீழே மைனஸ் 3, மேலே 1. இடையில் 30 அடி தூரம்கூட இல்லை. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. பகலில் வானம் துடைத்துவிட்டது போல நீலமாக இருந்து, சாயங்காலம் காற்றும் நின்றுபோனால் அன்று இரவு நிச்சயம் பனி உண்டு. மேகமோ மூடுபனியோ வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம், மண்ணின் சூடு மேலே போகாமல் அது போர்த்திவைக்கும்.

பள்ளத்துக் குயினின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பனி விழுந்த காலையில் ஓலையெல்லாம் உப்புத் தூவியது போல இருந்தது. வெயில் ஏறியதும் மறுபடி பச்சை. தப்பித்துவிட்டது என்று நினைத்தேன். பத்து நாளில் ஓலைகள் வைக்கோல் நிறத்துக்கு வந்தன. நடுக்குருத்து மட்டும் பச்சையாக நின்றது. பிப்ரவரியில் அதை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் ஒரு விரல்கடை அளவுக்குப் பழுப்பாகக் குழைந்து, புளித்த மாவு வாடை அடித்தது. தென்னையோ பனையோ, ஒற்றைத் தண்டு மரத்துக்கு உயிர் அந்த ஒரே குருத்தில்தான். ஓலை எல்லாம் கருகினாலும் குருத்தின் அடி உயிரோடு இருந்தால் மரம் பிழைக்கும், அது செத்தால் பக்கக்கிளை விட்டு மீள வழியே கிடையாது.

குழியில் தேங்கிய அழுகலைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலந்து ஊற்றினேன். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. மழை உள்ளே இறங்காமல் மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தேன். ஜூனில் சுருங்கிக் கோணலான ஓலை ஒன்று வெளியே வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அது தேறுவதற்குள் அடுத்த பனி வந்துவிட்டது. இந்தமுறை குருத்து திரும்பவில்லை. மேட்டுக் குயின் இன்று என்னைவிட இரண்டு மடங்கு உயரம்.

விண்ட்மில்லுக்கு இந்தத் தொல்லையே இல்லை. சீனாவின் மலைப்பகுதி மரம், வளர்ந்தது மைனஸ் 10-க்குக் கீழேயும் தாங்கும். நம் சமவெளி வெக்கைதான் அதற்கு ஆகாது, நீலகிரியின் குளுமை அதற்குச் சொந்த வீடு மாதிரி. பள்ளத்தில் இருப்பதும் நன்றாகவே நிற்கிறது, மேட்டில் இருப்பதைவிட ஓரிரு ஓலை குறைவு, அவ்வளவுதான். தண்டு முழுக்கப் பன்னாடை சுற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு ஊர் ஞாபகம் வரும். முதல் மூன்று ஆண்டு வளர்ச்சியே தெரியாது, பொறுமை வேண்டும். ஒரே ஒரு பனைதான் வைக்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

கேனரியும் பிழைத்துவிட்டது. நம் மலைச்சரிவுகளில் துடைப்பத்துக்கு அறுப்பார்களே அந்த ஈச்சைக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம். கன்றாக இருந்தபோது ஜனவரி தோறும் ஓலை நுனி கருகும், இப்போது அதுவும் இல்லை. ஆனால் நடைபாதை ஓரத்தில் வைத்துவிடாதீர்கள். ஓலையின் அடியில் இருப்பது ஊசி முள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆபத்து. எங்கள் பாதையையே நான் மாற்றிப் போட வேண்டி வந்தது.

கன்றுகளைக் காப்பாற்ற முதலில் பிளாஸ்டிக் தாள் போர்த்தினேன். தாள் தொட்ட இடமெல்லாம் கருகியது. உதகை தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் கோத்தகிரி மிலார் செடியை வெட்டி வந்து அலங்காரச் செடிகள் மேல் மூடுவார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கும் புத்தி வந்தது. இப்போது ஓலைகளைச் சணலால் தளரக் கூட்டிக் கட்டி, உருளைக்கிழங்குச் சாக்கைச் சுற்றி, மேலே மிலாரைச் சாய்த்துவிடுகிறேன். தொடர்ந்து பனி விழும் நாட்களில் மாலை 4 மணிக்குக் கட்டிக் காலை 9 மணிக்கு அவிழ்க்க வேண்டும். அவிழ்க்காமல் வாரக்கணக்கில் விட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். மதியமே தூரில் தண்ணீர் விடுவேன், ஈர மண் பகல் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். குருத்துக்குள் மட்டும் தண்ணீர் படக் கூடாது.

உரத்தைப் பொறுத்தவரை செப்டம்பருக்குப் பிறகு யூரியாப் பக்கமே போவதில்லை, இளந்தளிர்தான் முதலில் கருகும். அதற்கு முன்பே பொட்டாஷ் போட்டுவிடுகிறேன், சாம்பல் சத்து குறைந்த பனை குளிருக்குச் சீக்கிரம் மடங்கும். எங்கள் மண் புளிப்பு என்பதால், அதைத் தணிக்க ஆண்டுக்கு ஒருமுறை டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் பொடியும் உண்டு. கருகிய ஓலையை மாசி முடியும்வரை வெட்டுவதில்லை. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த பனியில் குருத்துக்குக் குடையாக இருப்பது அதுதான்.

குருத்து வளர்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு சின்ன வழி. மார்க்கர் பேனாவால் குருத்திலும் அதை ஒட்டிய மட்டையிலும் நேராக ஒரே கோடு போடுங்கள். சில வாரத்தில் குருத்தின் கோடு மேலே ஏறியிருந்தால் பயமில்லை.

இந்த ஆண்டு மேட்டு விண்ட்மில் முதல்முறையாகப் பாளை விட்டது. பூ நல்ல மஞ்சள், ஊர்ப் பேச்சில் சொன்னால் அலகு, ஆண் மரம். பள்ளத்து மரம் இன்னும் பூக்கவில்லை. அது பெண்ணாக இருந்தால் கொட்டை கிடைக்கும், முதல் கை கேரட் தோட்டத்துப் பெரியவருக்கு.