'முட்டையோடு ஜோடி' என்று விற்றால் வாங்காதீர்கள்

டவ் என்ற சிறு புறா வகைப் பறவையை வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் ஒரு பறவைக் கடையில், கழுத்தில் கறுப்பு வளையம் போட்ட ரிங்நெக் டவ் இரண்டை, "முட்டையோடு ஜோடி, ஒரு வாரத்தில் குஞ்சு பார்த்துவிடலாம்" என்று சொல்லி, சாதாரண ஜோடிக்கு வாங்குவதைப்போல இரண்டு மடங்கு விலைக்கு என் தலையில் கட்டினார்கள். சொன்னபடியே இரண்டு குஞ்சுகள் பொரித்தன. ஊட்டத்தான் ஆளில்லை.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. முட்டைக்குள்ளிருந்து வயிற்றில் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவை வைத்தே குஞ்சு ஒரு நாளை ஓட்டிவிடும். மறுநாள் கையில் எடுத்துப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே தீனிப்பை இருக்கும் இடத்தில் தோல் கண்ணாடிபோல மெல்லியது; உள்ளே என்ன இருந்தாலும் வெளியே தெரியும். இரண்டுக்கும் அந்த இடம் வற்றிச் சுருங்கிக் கிடந்தது. பெரிய பறவைகள் இரண்டும் ஒரே நேரத்தில் கூட்டுச் சட்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தனவே தவிர, ஒன்றுகூட வாயைக் கொடுக்கவில்லை.

கடைக்காரரைப் போனில் பிடித்தேன். "பசும்பாலில் சர்க்கரை போட்டு இங்க் ஃபில்லரில் விடுங்கள், எல்லாரும் அப்படித்தான் வளர்க்கிறார்கள்" என்றார். பறவைகளுக்குப் பால் செரிக்காது என்று நான் மறுத்ததும், வெளிநாட்டு மாவு இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். லேபிள் இல்லை, தேதி இல்லை; சாதாரண பிளாஸ்டிக் கவரில் கட்டிய மாவு. அதற்கும் தனிக் காசு. கரைத்துக் கொடுத்த மாவு அடுத்த நாள் காலையிலும் சின்னக் குஞ்சின் தீனிப்பையில் அப்படியே கட்டியாக நின்றது. வாயில் புளித்த வாடை. மதியத்துக்குள் அது போய்விட்டது.

பிறகு பறவை மருத்துவர் சொன்னதைக் கேட்டபோதுதான் மோசடியின் முழு உருவமும் புரிந்தது. புறா இனக் குஞ்சுகளுக்கு முதல் சில நாட்கள் தானியம் உணவல்ல. தாய், தகப்பன் இரண்டின் தீனிப்பையிலும் உட்சுவர் தடித்து உதிர்ந்து வரும் புறாப்பால்தான் உணவு. கொழுப்பும் புரதமும் நிறைந்த அந்தப் பால் நினைத்த நேரத்தில் சுரப்பதில்லை. இரண்டு வார அடையின்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறி ஏறி, பொரிக்கும் நேரத்துக்குச் சரியாகத் தயாராகிறது. வேறொரு கூட்டில் பொரிக்கும் தறுவாயில் இருந்த முட்டைகளை எடுத்து, அடையே இருந்திராத பறவைகளின் கீழ் வைத்து விற்றால் பால் எங்கிருந்து வரும்? என்னிடம் விற்றது ஜோடிகூட இல்லை. சில வாரம் கழித்து அதே கூட்டில் நான்கு முட்டைகள் கிடந்தன. டவ் ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டைதான் இடும். அப்படியென்றால் என்னிடம் இருந்த பறவைகள் இரண்டுமே பெட்டை.

இன்னொரு குஞ்சு பிழைத்தது, டவ் வளர்க்கும் ஒரு பெரியவரால். அவர் வீட்டில் ஏறக்குறைய அதே வயதில் ஒற்றைக் குஞ்சோடு ஒரு ஜோடி இருந்தது. இருட்டியபின் எங்கள் குஞ்சை அதன் கீழ் வைத்தார். விடிந்து பார்த்தால் தீனிப்பை வெள்ளையாக நிரம்பியிருந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

பெற்றவை ஊட்டாமல் விட்டால் முதலில் தேட வேண்டியது இப்படிப்பட்ட வளர்ப்புத் தாயைத்தான். கிடைக்கும்வரை குஞ்சுக்குச் சூடு முக்கியம். முதல் வாரத்தில் 35 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது. குளிர்ந்து கிடக்கும் குஞ்சுக்கு எதை ஊட்டினாலும் செரிக்காது, வயிற்றில் புளிக்கும். கையால் ஊட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மருத்துவரிடம் கேட்டு, லேபிள் உள்ள மாவையே வாங்குங்கள். கிளிக்குஞ்சு மாவு மட்டும் போதாது. முதல் நாட்களில் அதில் வேகவைத்த மஞ்சள் கருவை மசித்துக் கலக்கச் சொன்னார் எங்கள் மருத்துவர். உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். காகக் குஞ்சுபோல இது வாயைப் பிளந்து கேட்காது. தாயின் வாய்க்குள் தன் அலகை நுழைத்து உறிஞ்சும். அதனால் சிரிஞ்சின் முனையை வெட்டி, மெல்லிய ரப்பரைக் கட்டி, சிறு துளை போட்டு, அலகை அதற்குள் விட்டுக் குடிக்கச் செய்ய வேண்டும். ஃபில்லரால் தொண்டையில் பீய்ச்சினால் மூச்சுக்குழாயில் போய்விடும். முன்பு கொடுத்தது வடிந்த பிறகே அடுத்தது.

வாங்குவதாக இருந்தால் முட்டை இல்லாத பறவைகளை வாங்குங்கள். ஆண் குனிந்து குனிந்து கூவுவதைக் கடையிலேயே நின்று பாருங்கள். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். நான் கடைக்காரரிடம் பில் கேட்டதற்கு, "பறவைக்கெல்லாம் பில் கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான்" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது என் எண்ணையே தடை செய்துவிட்டார். யுபிஐயில் பணம் அனுப்பிய சான்றையும் அவர் அனுப்பிய குரல் பதிவுகளையும் வைத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். முட்டையோடு ஜோடி வாங்கி இதேபோல ஏமாந்தவர்கள் பணம் அனுப்பிய சான்றை அழிக்காமல் வைத்திருங்கள். நீங்களும் அந்த எண்ணில் புகார் கொடுங்கள்.